குவாத்தமாலாவின் சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்: 10 பேர் பட்டியலைச் சரிபார்த்துத் தர முடியுமா?

மஞ்சக்குப்பம் வாசகி:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு பழைய பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு, அங்கே படித்துப் பெயர் வாங்கிய 10 பேரைப் பற்றி ஆளுக்கொரு பேனர் வைக்கிறது. ஒவ்வொன்றும் 2 அடிக்கு 3 அடி. இந்த மாதம் நடு அமெரிக்காவின் சான் கார்லோஸ். நான் சேர்த்து வைத்திருக்கும் பெயர்கள்: மிகேல் ஆங்ஹெல் ஆஸ்துரியாஸ், ரிகோபெர்த்தா மென்ச்சு, ஹுவான் ஹொசே அரேவலோ, ஹாகோபோ ஆர்பென்ஸ், ஹொசே செசிலியோ தெல் வாயே, ஹொசே ஃபெலிப்பே ஃப்ளோரஸ், ரஃபாயேல் லாந்திவார், ஃபெர்னாந்தோ கெவேதோ, ஆல்தோ காஸ்தஞேதா, ஒலிவேரியோ காஸ்தஞேதா தே லியோன்.

இதில் யார் உண்மையிலேயே அங்கே படித்தவர்கள்? சில இடங்களில் 'தேசியப் பல்கலைக்கழகம்' என்று போட்டிருக்கிறது, அது வேறா? 'அமெரிக்கக் கண்டத்திலேயே முதல் பல்கலைக்கழகம்' என்று தலைப்பில் போடலாமா? பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதிலும் குழப்பம்.

முத்தியால்பேட்டை நூலகர்:

வாசகி அவர்களுக்கு வணக்கம். முதலில் தலைப்பை மாற்றுங்கள். லிமாவிலும் மெக்சிகோவிலும் 1551லேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. சான் கார்லோஸுக்கு ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸ் ஆணை கொடுத்தது 1676 ஜனவரி 31. வகுப்பு தொடங்கியது 1681 ஜனவரி 7. இந்த இரண்டு தேதிகளையும் குழப்பிக்கொள்ளாமல் இரண்டையுமே போடுங்கள். 'நடு அமெரிக்காவின் முதல் பல்கலைக்கழகம்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்ததாக நிகராகுவாவின் லியோன் நகருக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததே 1812இல்தான். அதுவரை அந்த வட்டாரம் முழுவதற்கும் இது ஒன்றுதான். அதனால்தான் ஹோண்டுராஸ்காரர், எல் சால்வதோர்காரர், சியாப்பாஸ்காரர் எல்லாரும் இதன் மாணவர் பட்டியலில் வருகிறார்கள். 'குவாத்தமாலா நாட்டவர்' என்று எல்லார் பேனரிலும் ஒரே மாதிரி போட்டுவிடாதீர்கள்.

உங்கள் பட்டியலில் நான்கு பேரை எடுக்க வேண்டும். அரேவலோ 1945 முதல் 1951 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர், ஆனால் முனைவர் பட்டம் அர்ஜென்டினாவின் லா பிளாத்தாவில் வாங்கினார். ஆர்பென்ஸ் ராணுவக் கல்லூரியில் படித்தவர். மென்ச்சு 1992இல் அமைதிக்கான நோபல் பெற்றவர், சான் கார்லோஸ் பட்டதாரி அல்ல. கெவேதோ இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்கு 2009 முதல் 2019 வரை இயக்குநர், அவர் படித்தது குவாத்தமாலா நகரில் இருக்கும் தெல் வாயே பல்கலைக்கழகத்தில். இதே போல லாந்திவார் பெயரிலும் குவாத்தமாலா நகரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 1961இல் தொடங்கியது. கவிஞர் லாந்திவார் படித்தது சான் கார்லோஸில், 1740களில். இரண்டையும் ஒன்றாக்கி எழுதியதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

இந்தத் தவறெல்லாம் ஏன் வருகிறது என்றால், நாட்டில் பெரிய பெயர் எடுத்தவர் என்றாலே நாட்டின் பழைய பல்கலைக்கழகத்தில் படித்திருப்பார் என்று எழுதுகிறவர் எண்ணிக்கொள்கிறார். கௌரவப் பட்டம் வாங்கியவரையும், பாடம் நடத்தியவரையும்கூட 'படித்தவர்' கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் என்ன பட்டம், எந்த ஆண்டு, பட்டம் கொடுத்த இடத்துக்கு அந்த ஆண்டில் என்ன பெயர் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குக்கூட விடை இல்லையென்றால் அந்தப் பெயரைத் தள்ளிவையுங்கள்.

நீங்கள் கேட்ட 'தேசியப் பல்கலைக்கழகம்' இந்த மூன்றாவது கேள்வியில்தான் வருகிறது. மரியானோ கால்வெஸ் ஆட்சியில், 1832இல், பழைய பல்கலைக்கழகத்தை எடுத்துவிட்டு ஒரு கலைக்கழகம் அமைத்தார்கள். இத்தனைக்கும் கால்வெஸ் அங்கேயே சட்டம் படித்தவர். 1840இல் மறுபடி பழைய பெயர் வந்தது. 1875க்குப் பிறகு அது தேசியப் பல்கலைக்கழகம் ஆனது. 1918இல் அன்றைய சர்வாதிகாரி எஸ்த்ராதா கப்ரேராவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1944 புரட்சிக்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல், சான் கார்லோஸ் என்ற பெயரும் தன்னாட்சியும் சேர்ந்து கிடைத்தன. ஆகவே 1923இல் முடித்த எழுத்தாளர் ஆஸ்துரியாஸின் ஆய்வேட்டு முகப்பில் சான் கார்லோஸ் என்று தேடினால் கிடைக்காது. அதை வைத்து அவரை நீக்கிவிடாதீர்கள். பேனரில் 'தேசியப் பல்கலைக்கழகம் (இன்றைய சான் கார்லோஸ்)' என்று போட்டால் போதும்.

ஆஸ்துரியாஸ் பற்றி இன்னொரு எச்சரிக்கை. அவருடைய சட்டப் பட்ட ஆய்வேட்டின் தலைப்பில் 'இந்தியோ' என்று ஒரு சொல் வரும். அதை 'இந்தியரின் சமூகச் சிக்கல்' என்று மொழிபெயர்த்தால், கடலூரில் படிக்கிறவர் நம்மைப் பற்றியது என்றே நினைப்பார். 'பூர்வகுடிகளின் சமூகச் சிக்கல்' என்று எழுதுங்கள். அந்த ஏட்டில் அவர் பூர்வகுடி மக்களின் நிலைக்குத் தீர்வாக ஐரோப்பியரைக் குடியேற்றி இனக்கலப்பு செய்யச் சொல்லியிருக்கிறார். பிறகு பாரிஸில் மாயா மக்களின் தொன்மங்களை முறையாகப் படித்து, அவற்றையே தம் நாவல்களுக்கு ஆதாரமாக்கிக்கொண்டார். 1967இல் நோபல். மாணவராக இருந்தபோதே, 1922இல், தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பாடம் சொல்ல மக்கள் பல்கலைக்கழகம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நல்லது கெட்டது இரண்டையும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் அந்த மனிதர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பது தெரியாமலே போய்விடும்.

நெல்லிக்குப்பம் மருந்தாளுநர்:

மருத்துவர்கள் இருவரையும் பற்றி மட்டும் சொல்கிறேன், இரண்டிலும் தவறு நுழைய வாய்ப்பு அதிகம்.

ஃப்ளோரஸ் 1751இல் சியாப்பாஸில் பிறந்தவர். அது இன்று மெக்சிகோவில் இருக்கிறது. 1780இல் பெரியம்மை பரவியபோது குவாத்தமாலாவில் அவர் செய்ததை 'தடுப்பூசி' என்று எழுதக் கூடாது. ஜென்னர் மாட்டம்மைப் பாலை வைத்துச் சோதித்ததே 1796இல்தான். ஃப்ளோரஸ் எடுத்தது மனிதரின் அம்மைக் கொப்புளத்திலிருந்து. அதைத் தோலைக் கீறி, நோயில்லாமல் நலமாக இருப்பவருக்கு ஏற்றுவார்கள். நோய் வரும், ஆனால் பெரும்பாலும் இலேசாக வந்து போகும். ஏற்றிக்கொண்டவரிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்கு உண்மையான பெரியம்மையே தொற்றும் என்பதுதான் இதன் பெரிய ஆபத்து. மாட்டம்மையில் அந்த ஆபத்து இல்லை. பேனரில் 'அம்மைப்பால் ஏற்றுதல்' என்று எழுதி, 'ஜென்னருக்கு முந்தைய முறை' என்று ஒரு வரி சேருங்கள்.

அவருடைய பெருமைக்கு நான் முதலில் சொல்வது மெழுகுப் பொம்மைகளை. மனித உடலின் உறுப்புகளை மெழுகில் செய்து, ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டும்படி அமைத்திருந்தார். அந்நாளில் பிணத்தை வைத்துப் பல நாள் பாடம் நடத்த முடியாது. உடல் கெட்டுப்போகும், ஒரு முறை அறுத்ததைத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. கழற்றி மாட்டும் மெழுகு உருவத்தில் தோலை எடுத்தால் தசை, தசையை எடுத்தால் குடல் என்று மாணவர் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் 1782இல் வெளியிட்ட சிறு நூலில், பல்லியைப் பச்சையாகத் தின்றால் புற்றுநோய் குணமாகும் என்று எழுதியிருக்கிறார். அது தவறு. பேனரில் போடுவதாக இருந்தால் தவறு என்பதையும் அதே வரியில் போட வேண்டும். படிக்கிறவர்களில் புற்றுநோயாளியின் வீட்டார் இருக்கலாம்.

ஆல்தோ காஸ்தஞேதா 1930இல் இத்தாலியில் பிறந்து, சான் கார்லோஸில் மருத்துவம் முடித்து, அமெரிக்கா போய், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவைத் துறைத் தலைவரானவர். 2021இல் காலமானார். 'தமனி மாற்று அறுவையைக் கண்டுபிடித்தவர்' என்று எழுதாதீர்கள். அதை முதலில் வெற்றியாகச் செய்தவர் பிரேசிலின் அதிப் ஜாத்தேன், 1975இல். காஸ்தஞேதா 1983 முதல் அதைப் பிறந்த சில நாள் குழந்தைகளுக்கே செய்து காட்டினார்.

அந்தச் 'சில நாள்' ஏன் முக்கியம்? சில குழந்தைகளுக்குப் பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறக்கும். உயிர்க்காற்று ஏறிய ரத்தம் நுரையீரலுக்கே திரும்பத் திரும்பப் போகும், உடம்புக்குக் கெட்ட ரத்தமே சுற்றும், குழந்தை நீலம் பாரிக்கும். இரண்டு குழாய்களையும் வெட்டி மாற்றி இணைத்தால் சரியாகிவிடும். ஆனால் பிறந்த பிறகு நுரையீரலின் அழுத்தம் குறையக் குறைய, அதற்கு ரத்தம் அனுப்பும் இடது கீழறை வேலை குறைந்து மெலிந்துவிடும். தாமதித்து மாற்றினால் உடல் முழுவதற்கும் ரத்தம் தள்ளும் வலு அதற்கு இருக்காது. அதனால் முதல் சில வாரங்களுக்குள் முடிக்க வேண்டும். அந்த வயதில், இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் தமனிகள் ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அவற்றையும் பிய்த்துப் புதிய இடத்தில் தைக்க வேண்டும். தையல் கொஞ்சம் முறுகினால் இதயம் நின்றுவிடும். பிற்காலத்தில் அவர் குவாத்தமாலாவுக்கே திரும்பி அங்கே குழந்தைகள் இதய அறுவைப் பிரிவை உருவாக்கினார்.

மஞ்சக்குப்பம் வாசகி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. காலியான நான்கு இடத்துக்கு யாரைப் போடலாம்? ஆந்திகுவா நகரின் பழைய கட்டடப் படம் ஒன்று வைத்திருக்கிறேன், வளைவுகளோடு அழகாக இருக்கிறது. அதை ஆஸ்துரியாஸ் பேனரில் போடலாமா?

லாஸ்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

அந்தப் படத்தை லாந்திவார் காலத்து ஊர் என்ற அளவில் அவர் பேனரில் போடுங்கள், ஆஸ்துரியாஸுக்கு வேண்டாம். 1773 ஜூலை 29 நிலநடுக்கத்தில் அந்த ஊர் இடிந்து, தலைநகரும் அதன் பின்னே பல்கலைக்கழகமும் இன்றைய குவாத்தமாலா நகருக்குப் போய்விட்டன. ஆஸ்துரியாஸ் படித்தது அங்கே. ஆந்திகுவா கட்டடம் பிற்காலத்தில் காலனிக்காலக் கலை அருங்காட்சியகம் ஆனது.

லாந்திவார் பேனரில் ஒரு வரி கூட்டச் சொல்வேன். இயேசு சபையினரை ஸ்பெயின் 1767இல் நாடு கடத்தியபோது அவரும் போனார். இத்தாலியில் இருந்தபடி லத்தீனில் தம் ஊரைப் பற்றி நீண்ட காவியம் எழுதினார், 1781இல் அச்சானது. அதில் ஒரு பகுதி முழுக்க அவுரி பற்றியது. தென்னார்க்காட்டு வாசகருக்கு அவுரியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அந்தப் பேனருக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான்கு இடங்களுக்கு: மருத்துவர் பெத்ரோ மொலினா, பாதிரியார் ஹொசே மத்தியாஸ் தெல்காதோ, 1919இல் மருந்தியலில் தேறி அந்நாட்டின் முதல் பெண் பட்டதாரியான ஒலிம்பியா அல்துவே, வழக்கறிஞர் மனுவேல் கொலோம் அர்கெத்தா. மொலினாவையும் தெல் வாயேயையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுங்கள். இருவரும் 1777இல் பிறந்தவர்கள், 1820இல் எதிரெதிர் பத்திரிகை நடத்தியவர்கள். 1821 செப்டம்பர் 15 விடுதலைப் பத்திரத்தை எழுதியவர் தெல் வாயே. அவர் ஹோண்டுராஸின் சொலுத்தேக்காவில் பிறந்தவர். 1834இல் நடு அமெரிக்கக் கூட்டாட்சியின் தலைவர் தேர்தலில் வென்றும் பதவி ஏற்குமுன் இறந்துபோனார், எனவே 'குடியரசுத் தலைவராக இருந்தார்' என்று எழுதிவிடாதீர்கள்.

எழுத்து விஷயம். ஸ்பானிய மொழியின் த ஒலி பல்லில் பிறப்பது. அதற்கு ட போடக் கூடாது, த போடுங்கள். பிரெஞ்சு ஆளுநர் பெயரைத் துய்ப்ளே என்று த போட்டு எழுதிப் பழகிய புதுச்சேரிக்காரருக்கு இது புதிதல்ல. ஜே எழுத்து ஹ ஆகும், ஹொசே. எச் எழுத்துக்கு ஒலியே இல்லை, ஆனால் ஹோண்டுராஸ் என்று பாடநூலில் நிலைத்துவிட்டது, பொதுமக்களுக்கான பேனரில் அதையே விடலாம். இரட்டை எல் ய ஆகும், வாயே. வல்லே என்று எழுதினால் ஆளே மாறிவிடும். அலைக்கோடு போட்ட என் எழுத்து (ñ) நமக்கு வாய்த்த ஞ.

பெயரின் கடைசிச் சொல் குடும்பப்பெயர் என்று நினைத்து அகரவரிசை போடாதீர்கள். முதலில் தந்தையின் குடும்பப்பெயர், அடுத்தது தாயுடையது. கொலோம் அர்கெத்தா 'கொ'வில் வருவார். பட்டத்தில் 'லிசென்சியாதோ' என்று இருந்தால் 'உரிமம் பெற்றவர்' என்று எழுத வேண்டாம், பிரெஞ்சு லிசான்ஸ் போல மூன்றாண்டுப் படிப்பு என்றும் எண்ண வேண்டாம். இன்றைய குவாத்தமாலாவில் அது ஏறக்குறைய ஐந்தாண்டு முதற்பட்டம். சட்டம் முடித்தவருக்கு வழக்கறிஞர், நோட்டரி என இரண்டு தகுதியும் சேர்ந்தே கிடைக்கும்.

கடைசியாக அச்சு. பேனர் கடையில் பழைய கோரல் டிரா மென்பொருள் இருந்தால் யூனிகோட் தமிழ் உடைந்து, 'கொ' எழுத்தில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போகும். எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். ஹொசே, கொலோம் என்ற பெயர்கள் வரும் வரிகளை மட்டும் கடையிலேயே நின்று பாருங்கள். 2 அடிக்கு 3 அடியில் 120 சொல்லுக்கு மேல் வேண்டாம்.

முத்தியால்பேட்டை நூலகர்:

ஒலிவேரியோ பற்றி யாரும் சொல்லவில்லை. அவர் பொருளியல் மாணவர், மாணவர் சங்கத் தலைவர். 1978 அக்டோபர் 20, புரட்சி நாள் ஊர்வலக் கூட்டத்தில் பேசிவிட்டு வந்தவரை நகர மையத்தில் சுட்டுக் கொன்றார்கள். படிப்பை முடிக்கவில்லை. அதனால் 'பட்டதாரி' என்று போடாமல் 'மாணவர்' என்றே போடுங்கள், பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம். அடுத்த ஆண்டு மார்ச் 22இல் கொலோம் அர்கெத்தாவும் அதே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் 1970 முதல் 1974 வரை அந்நகரின் மேயர். இருவர் பேனரிலும் பிறந்த தேதியைவிட இறந்த தேதி பெரிதாக இருக்கட்டும்.