நூல் கொடுத்தவள்

குழு: தெற்குத் தெரு வீடு
சனிக்கிழமை

நான் (மாலை 6:40)
எல்லோருக்கும் வணக்கம். திங்கட்கிழமை காலை பாப்பாவின் பள்ளியில் கதை சொல்லும் போட்டி நடக்கிறது. பண்டைய கிரேக்கத்தின் வீரனும் அரக்கனும் என்பது ஏழாம் வகுப்புக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ், மாட்டுத் தலை அரக்கன் மினோட்டாரைக் கொன்ற கதையை ஏழு நிமிடத்துக்கு எழுதி மனப்பாடமும் செய்துவிட்டாள். இன்று மதியம் ஒத்திகை பார்த்தபோது, மினோட்டார் சாகும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டு, "அம்மா, மாட்டுத் தலையோடு பிறந்தது அவன் தப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியப்பா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அண்ணி (6:43)
பாப்பாவுக்கு என் வாழ்த்துகள். மாட்டுத் தலை முகமூடி வேண்டுமென்றால் நாளைக் காலையில் அட்டையில் செய்து தருகிறேன்.

அப்பா (6:44)
மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பிக்கச் சொல். கேள்வியெல்லாம் பரிசு வாங்கிய பிறகு கேட்கலாம்.

மதுரை அத்தை (6:45)
குழந்தை கேட்டது நியாயமான கேள்வி. பெரிய அண்ணா வரட்டும்.

பெரியப்பா (7:06)
கண்ணம்மா, பாப்பாவின் கேள்வியைப் படித்ததும் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். கல்லூரியில் பண்டைய வரலாறு நடத்திய இத்தனை ஆண்டுகளில் ஒரு மாணவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. தப்பு அவனுடையதே அல்ல. கிரீட் தீவின் அரசன் மினோஸ், தன் அரசுரிமைக்குச் சாட்சியாகக் கடலிலிருந்து ஒரு காளையை அனுப்பும்படி கடல் தெய்வமான போசிடானை வேண்டினான். வரும் காளையை அந்தத் தெய்வத்துக்கே பலி கொடுப்பதாக வாக்கும் கொடுத்தான். வந்த காளையின் அழகைக் கண்டதும் மனம் மாறி, அதைத் தன் மந்தையில் சேர்த்துக்கொண்டு, வேறொரு காளையைப் பலியிட்டான். வாக்குத் தவறியவன் அரசன், ஆனால் தண்டனை விழுந்ததோ அவன் மனைவி பசிஃபாயியின் மேல். போசிடான் அவள் மனத்தை அந்தக் காளையின் பக்கமே திருப்பிவிட, அதனால் பிறந்த பிள்ளைதான் இவன். அவனுக்கு அஸ்டீரியஸ் என்று ஒரு பெயர் உண்டு. கிரேக்க மொழியில் அஸ்டர் என்றால் விண்மீன். மினோட்டார் என்றால் மினோஸின் காளை என்று மட்டுமே பொருள். அது ஊரார் வைத்தது. மேடையில் ஒரே ஒரு முறையாவது பாப்பா அவனை அஸ்டீரியஸ் என்று சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அம்மா (7:09)
காளை மேல் மனம் போன கதையையெல்லாம் பள்ளி மேடையில் சொல்ல வேண்டாம்.

நான் (7:10)
தெய்வத்தின் சாபத்தால் பிறந்தான் என்று மட்டுமே எழுதியிருக்கிறாள், அம்மா.

தம்பி, மஸ்கட் (7:11)
பெயர் நன்றாக இருக்கிறது, பெரியப்பா. நான் இத்தனை நாளும் மினோட்டார் என்பதுதான் அவன் பெயர் என்று நினைத்திருந்தேன்.

பெரியப்பா (7:19)
[படம்]
இந்தக் கிண்ணத்தைப் பாப்பாவிடம் காட்டு. இத்தாலியில் வல்ச்சி என்ற ஊரில் கிடைத்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எட்ருஸ்கன் என்ற பழைய இத்தாலிய இனத்துக் குயவர்கள் செய்த மதுக் கிண்ணம். இப்போது பாரீஸில் பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. உள்வட்டத்தில் பசிஃபாயி உட்கார்ந்திருக்கிறாள், அவள் மடியில் கைக்குழந்தை. உடம்பெல்லாம் நம் வீட்டுப் பிள்ளையைப் போலவே இருக்க, தலை மட்டும் கன்றுக்குட்டியின் தலையாக இருக்கிறது. அந்தக் கதையில் கத்தியும் குத்தும் தெரிந்த ஓவியர்கள் நூறு பேர் இருந்தார்கள். இந்த ஒரு குயவர் மட்டும் அவனைத் தாய் மடியில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்.

மதுரை அத்தை (7:22)
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெற்றவளுக்கு எந்தப் பிள்ளையும் பிள்ளைதான்.

அண்ணி (7:23)
அப்படியானால் முகமூடிக்குக் கொம்பு சின்னதாக இருந்தால் போதுமா, பெரிதாக வேண்டுமா?

அப்பா (7:25)
கொம்பு பெரிதாகவே இருக்கட்டும். நடுவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் தெரிய வேண்டும். அண்ணா, நீங்கள் கதையைக் குழப்பாமல் இருந்தால் நல்லது. ஏதென்ஸ் நகரத்துப் பிள்ளைகளை அவன் தின்றானா இல்லையா? தின்றவனைக் கொன்றவன் வீரன். ஏழு நிமிடத்தில் இதற்கு மேல் சொல்ல முடியாது.

பெரியப்பா (7:38)
தம்பி, நீ கேட்டதற்கே விடை சொல்கிறேன். மினோஸின் மகன் ஆண்ட்ரோஜியஸ் ஏதென்ஸ் மண்ணில் இறந்துபோனான். அதற்கு ஈடாக ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை ஏழு இளைஞர்களையும் ஏழு பெண்களையும் ஏதென்ஸ் அனுப்ப வேண்டும் என்பது தண்டனை. மூன்றாவது முறை அனுப்பும்போது தீசியஸ் தானும் போனான். அவர்களை மினோட்டார் தின்றான் என்பது ஏதென்ஸ்காரர்கள் சொன்னது. கிரீட்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்: மினோட்டாரை அடைத்து வைத்ததாகச் சொல்லும் லாபிரிந்த் என்ற சுற்றுவழிக் கட்டடம் ஒரு சிறைச்சாலைதான், உள்ளே போனவர்கள் தப்பிக்க முடியாது என்பதைத் தவிர அங்கே வேறு கொடுமை கிடையாது, காளை என்று பொருள்படும் டாரஸ் என்ற பெயருடையவன் மினோஸின் படைத்தலைவன், அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். அங்கே போன பிள்ளைகள் கொல்லப்படவில்லை, அடிமைகளாக உழைத்து அங்கேயே கிழவர்களானார்கள் என்று அரிஸ்டாட்டில் கருதியதையும் அவரே குறிக்கிறார். நாவும் கவிதையும் உள்ள ஊரைப் பகைத்துக்கொண்டால் மீள முடியாது என்பது புளூட்டார்க்கின் முடிவு. பழைய கிரேக்கக் கவிஞர்களான ஹோமரும் ஹெசியாடும் மினோஸை எவ்வளவு உயர்த்திப் பாடியும் பயனில்லை. ஏதென்ஸ் நாடக மேடைகள் அவனைக் கொடுங்கோலன் ஆக்கிவிட்டன. நாம் படித்த கதை வென்றவர்கள் ஊரில் எழுதப்பட்ட கதை என்பதைப் பாப்பா தெரிந்துகொண்டு சொன்னால், சொல்லும் குரலே வேறாக இருக்கும்.

அண்ணன் (7:41)
பெரியப்பா எழுதியதை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா (7:42)
என்னிடம் சிவப்புக் கம்பளி நூல் உருண்டை ஒன்று இருக்கிறது. பாப்பா கையில் பிடித்துக்கொண்டே கதை சொல்லலாம்.

நான் (7:44)
நூல் கட்டாயம் வேண்டும், அம்மா. மினோஸின் மகள் அரியாட்னி தீசியஸிடம் நூல் உருண்டையைக் கொடுக்கும் இடத்தைத்தான் அவள் மிக அழகாகச் சொல்கிறாள். ஒரு முனையை வாசல் நிலையில் கட்டிவிட்டுப் போ, கொன்ற பிறகு அதையே பிடித்துக்கொண்டு திரும்பி வா என்று கிசுகிசுப்பான குரலில் சொல்லும்போது எனக்கே மெய்சிலிர்த்தது.

மதுரை அத்தை (7:46)
அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று பாப்பா எழுதியிருக்கிறாளா?

நான் (7:48)
இல்லை, அத்தை. "தீசியஸ் நூலைப் பிடித்தபடி வெளியே வந்தான், ஏதென்ஸ் முழுவதும் மகிழ்ச்சியில் ஆடியது" என்று முடித்திருக்கிறாள். ஆசிரியை அந்த அளவில் நிறுத்தச் சொன்னாராம்.

மதுரை அத்தை (7:50)
பெற்ற தகப்பனையும் பிறந்த ஊரையும் அவனுக்காக விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவளை, நாக்சாஸ் தீவில் தூங்கிக்கொண்டிருந்தபோது தனியாக விட்டுவிட்டுப் போனான் என்று பெரிய அண்ணா எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லாமல் அவனை வீரன் என்று குழந்தையின் வாயால் சொல்ல வைப்பது பாவம்.

அப்பா (7:51)
அது கிளைக்கதை. போட்டித் தலைப்பு வீரனையும் அரக்கனையும் பற்றியது.

மதுரை அத்தை (7:52)
சின்ன அண்ணா, உங்களுக்கு அது எப்போதும் கிளைக்கதைதான்.

அப்பா (7:53)
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அண்ணி (7:58)
முகமூடிக்குப் பழுப்பு நிறம் பூசலாமா, கறுப்பு பூசலாமா என்று யாராவது சொன்னால் வண்ணம் வாங்கி வைத்துவிடுவேன்.

பெரியப்பா (8:15)
தங்கச்சி, அன்று உனக்குச் சொன்னது ஒரு வடிவம் மட்டுமே. மற்றவற்றையும் இன்று சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டும். ஹோமர் பாடியதில் அவள் ஏதென்ஸ் போய்ச் சேரவே இல்லை. வழியில் தியா என்ற தீவில் ஆர்ட்டெமிஸ் தெய்வம் அவளைக் கொன்றுவிடுகிறது. வேறு சிலர், அவள் தூக்கிட்டுக்கொண்டாள் என்றார்கள். டயோனிசஸ் தெய்வம் வந்து அவளை மணந்துகொண்டது, அவள் மணிமுடியே வானத்தில் விண்மீன் கூட்டமாக நிற்கிறது என்றும் சொன்னார்கள். தீசியஸுக்கு ஏக்ளி என்ற வேறொரு பெண்ணின் மேல் ஆசை வந்ததால்தான் இவளை விட்டான் என்று ஹெசியாடின் பாட்டில் ஒரு வரி இருந்ததாம். ஏதென்ஸை ஆண்ட பிசிஸ்டிராட்டஸ் அந்த வரியையே நீக்கிவிட்டான் என்று பழைய மெகாரா நகரத்து எழுத்தாளர் ஒருவர் குற்றம் சாட்டியிருக்கிறார். ஊருக்குப் பெருமை சேர்க்காத வரியை எடுத்துவிடும் பழக்கம் அவ்வளவு பழையது.

இனி நான் சொல்லப்போவதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லியிருக்கிறேன். சைப்ரஸ் தீவில் அமாதஸ் என்றோர் ஊர். அந்த ஊர்க்காரர்களின் கதையில் தீசியஸ் அவளை விட்டுவிட்டு ஓடவில்லை. புயலில் கப்பல் அங்கே ஒதுங்குகிறது. அரியாட்னி நிறைமாதமாக இருக்கிறாள், அலையின் ஆட்டத்தைத் தாங்க முடியவில்லை, அவளை மட்டும் கரையில் இறக்கிவிட்டுக் கப்பலைக் காப்பாற்றப் போனவனைக் காற்று கடலுக்குள் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. தனியாகக் கிடந்தவளை அந்த ஊர்ப் பெண்கள் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவள் மனம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, தீசியஸ் எழுதியதுபோலத் தாங்களே கடிதங்கள் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரசவ வலியில் கூடவே இருந்தார்கள். பிள்ளை பிறக்காமலே அவள் இறந்துபோனாள். பிறகு வந்து சேர்ந்த தீசியஸ், அவளுக்கு வழிபாடு நடத்தப் பணம் வைத்து, வெள்ளியில் ஒன்றும் வெண்கலத்தில் ஒன்றுமாக இரண்டு சிறிய உருவங்களையும் நிறுவிவிட்டுப் போனான். அந்த வழிபாட்டில் ஓர் இளைஞன் படுத்துக்கொண்டு, பிரசவ வேதனையில் பெண் கதறுவதுபோலக் கதறுவானாம். ஓர் ஊர் அவள் பட்ட வலியை மறக்காமல் ஆண்டுதோறும் ஓர் ஆணின் வாயால் சொல்ல வைத்திருக்கிறது.

தம்பி, மஸ்கட் (8:21)
கடிதம் எழுதிய இடத்தை இரண்டு முறை படித்தேன், பெரியப்பா.

அம்மா (8:22)
பாவம், அந்தப் பெண்கள் நல்ல மனம் படைத்தவர்கள்.

மதுரை அத்தை (8:34)
எனக்கும் 1979இல் அப்படி இரண்டு கடிதங்கள் வந்தன. கையெழுத்து அம்மாவுடையது என்று முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததாக நான் அம்மாவிடம் கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை.

பெரியப்பா (8:41)
உறையின் மேல் முகவரி எழுதியது நான், தங்கச்சி. சாப்பிட்டுவிட்டு உன்னை அழைக்கிறேன்.

அண்ணன் (8:47)
இப்போதுதான் எல்லாவற்றையும் படித்து முடித்தேன். லாபிரிந்த் என்ற கட்டடம் உண்மையிலேயே இருந்ததா, பெரியப்பா? பாப்பாவிடம் நடுவர் கேட்டால் சொல்ல வேண்டுமே.

அண்ணி (8:48)
சாப்பிடும் நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

பெரியப்பா (9:20)
தொந்தரவு ஒன்றுமில்லை, அம்மா. 1900ஆம் ஆண்டு ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் கிரீட்டில் நோசாஸ் மேட்டைத் தோண்டத் தொடங்கி, அறைக்குள் அறையாகப் பின்னிக்கிடந்த பெரிய அரண்மனையை வெளியே கொண்டுவந்தார். பாய்ந்து வரும் காளையின் முதுகின்மேல் ஒருவர் குட்டிக்கரணம் போடும் சுவரோவியமும் அங்கேதான் கிடைத்தது. அதுதான் லாபிரிந்த் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே நோசாஸில் கிடைத்த ஒரு களிமண் பலகையை மட்டும் பாப்பா தெரிந்துகொள்ளட்டும். லீனியர் பி என்ற பழைய கிரேக்க எழுத்தை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்துக் காட்டிய பிறகு அதில் எழுதியிருப்பது தெரியவந்தது. கோயில் கணக்குப்போல இரண்டு வரி: எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரு சாடித் தேன், லாபிரிந்தின் தலைவிக்கு ஒரு சாடித் தேன். எல்லாத் தெய்வங்களுக்கும் சேர்த்து எவ்வளவோ, அவள் ஒருத்திக்கே அவ்வளவு. அந்தத் தலைவியின் பெயரைப் பலகை சொல்லவில்லை.

அண்ணன் (9:23)
எனக்குத் தேன் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அப்பா (9:26)
அண்ணா, கப்பல் பாயையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. உயிரோடு திரும்பினால் கறுப்புப் பாயை இறக்கிவிட்டு வெள்ளைப் பாய் கட்டுகிறேன் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டுப் போனவன் மறந்துவிட்டான். கிழவர் ஏஜியஸ் கறுப்பைப் பார்த்ததும் பாறையிலிருந்து விழுந்துவிட்டார். வெற்றியோடு திரும்பியவன் செய்த தவறையும் பாப்பா சொல்லட்டும். நான் முதலில் எழுதியது சரியில்லை.

பெரியப்பா (9:29)
சொல்லலாம், தம்பி. அந்த மாற்றுப் பாய் வெள்ளை அல்ல, சிவப்பு என்று சைமானிடீஸ் பாடியிருக்கிறார். பாப்பா எந்த நிறத்தைச் சொன்னாலும் தப்பில்லை.

அம்மா (9:31)
சிவப்பு என்றால் கம்பளி நூலோடு பொருந்தும். உங்கள் கறுப்புக் குடைத்துணியையும் எடுத்து வைக்கிறேன்.

நான் (9:40)
அரியாட்னியையும் பாயையும் சேர்த்தால் பதினொரு நிமிடம் வருகிறது. இப்போதுதான் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். காளைக்கும் மினோஸுக்கும் நடந்ததைக் குறைத்தால் அஸ்டீரியஸின் தப்பு இல்லை என்பது கேட்பவர்களுக்குப் புரியாது என்கிறாள். சண்டையைக் குறைக்கட்டுமா என்று கேட்கிறாள்.

தம்பி, மஸ்கட் (9:42)
சண்டையைக் குறைக்கட்டும். சண்டை எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அப்பா (9:43)
சண்டை ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும்.

நான் (10:05)
பாப்பா தூங்கிவிட்டாள். "அவன் பெயர் அஸ்டீரியஸ்" என்று முதல் வரியை மாற்றி எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் நாக்சாஸ் என்று ஒரு பக்கமும் அமாதஸ் என்று மறுபக்கமும் எழுதி, நடுவில் இடம் விட்டிருக்கிறாள்.

மதுரை அத்தை (10:12)
பெரிய அண்ணாவோடு பேசிவிட்டேன். நாளை மதியப் பேருந்தில் புறப்படுகிறேன். நான் வந்த பிறகு அந்த இடத்தை எழுதச் சொல்.

அப்பா (10:14)
பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன். புறப்பட்டதும் ஒரு செய்தி அனுப்பு.

அண்ணி (10:15)
பழுப்பு நிறமே வாங்குகிறேன். கன்றுக்குட்டிக்கு அதுதான் பொருந்தும்.