சண்டைக்கு நடுவே ஒளிந்துகொள்வது: உங்கள் மேசையில் நடந்ததைப் பகிருங்கள்

முதல் பதிவு

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டுகளில், சண்டை மூண்ட பிறகு ஒரு பாத்திரம் ஒளிந்துகொள்ள முயலும்போதெல்லாம் மேசையில் வாக்குவாதம் எழக் காரணம், இரண்டு கேள்விகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் என்பது என் உறுதியான கருத்து. எதிரியின் கண்ணுக்கு அந்தப் பாத்திரம் தெரிகிறதா என்பது ஒரு கேள்வி. அது எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. அப்படிப்பட்ட விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை 2014 விதிகளின்படி ஆடியபோது நடந்த இரண்டு மோதல்களை இங்கே எழுதுகிறேன். இரண்டிலும் டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்தித் தீர்ப்புச் சொல்பவர், நான்தான்.

முதல் மோதல், தூண்கள் நிறைந்த ஒரு பாழடைந்த மண்டபத்தில் நடந்தது. எதிரிகள் ஹாப்கோப்ளின் என்ற கற்பனை அரக்க இனத்து வீரர்கள். எங்கள் குழுவின் ரோக் (மறைந்து தாக்கும் வகைப் பாத்திரம்) ஐந்தாம் லெவலில் இருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து அம்பெய்துவிட்டு, கன்னிங் ஆக்‌ஷன் என்ற திறன் தரும் போனஸ் ஆக்‌ஷனை (வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) கொண்டு அதே தூணுக்குப் பின்னால் மறுபடியும் ஒளிந்தார். ஹாப்கோப்ளினின் பாஸிவ் பர்செப்ஷன் (முனைந்து தேடாமலே கவனிக்கும் திறனின் எண்) வெறும் 10 என்பதால், ரோக்கின் ஸ்டெல்த் எண் (ஒளிவதற்கு உருட்டிய பகடையுடன் திறனைக் கூட்டி வருவது) அதை ஒவ்வொரு முறையும் எளிதாகத் தாண்டியது. அட்வான்டேஜும் (தாக்கும் பகடையை இருமுறை உருட்டி உயர்ந்த எண்ணை எடுப்பது) கிடைத்தது, அதன் வழியே மூன்று ஆறுமுகப் பகடைகள் அளவுக்கு ஸ்னீக் அட்டாக் என்னும் கூடுதல் சேதமும் கிடைத்தது. இது நியாயமா என்று மற்ற ஆட்டக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

பகடையில் வந்த எண்ணை நான் மறுக்கவில்லை. ரோக் என்னும் வகுப்பின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது; அதைப் பறித்துவிட்டால் அவர் மேசையில் உட்கார்ந்திருப்பதற்கே பொருளில்லாமல் போய்விடும். ஆனால் ஹாப்கோப்ளின்கள் போர்ப் பயிற்சி பெற்றவர்கள். அம்பு எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, ஏனெனில் ஒளிந்திருந்து தாக்குபவர், அடி பட்டாலும் தவறினாலும், தாக்கிய கணத்தில் தம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார் என்று விதியே சொல்கிறது. ஆகவே ஒரு வீரன், தூணின் ஓரத்தில் தலை தெரிந்தவுடன் எய்வதற்காக ரெடி ஆக்‌ஷன் எடுத்துக் காத்திருந்தான். இன்னொருவன் சுற்றிக்கொண்டு தூணின் மறுபக்கத்துக்கே போய்விட்டான். அங்கே போனவனுக்கு மறைப்பு எதுவும் குறுக்கே இல்லை. எனவே அவனுக்கு ரோக் நன்றாகத் தெரிந்தார், ஸ்டெல்த் எண் 24 ஆக இருந்தும் அது அவனிடம் பலிக்கவில்லை. அடுத்த சுற்றிலிருந்து ரோக் தூணுக்குத் தூண் இடம் மாறி ஆடினார். சண்டையின் மிகச் சிறந்த பகுதி அதுவாகவே அமைந்தது.

இரண்டாவது மோதலில் ஒளிந்தவர்கள் எதிரிகள். இரவு நேரம், காட்டுப் பாதை, கோப்ளின்கள் என்ற சிறு அரக்கர்கள். நிம்பிள் எஸ்கேப் என்ற திறனால் ஒவ்வொரு கோப்ளினும் போனஸ் ஆக்‌ஷனில் ஒளிய முடியும். ஸ்டெல்த்துக்கு 6 கூடுதல் வேறு. அவை ஐம்பது அடி தள்ளி இருந்தன. எங்கள் குழுவின் ஃபைட்டர் (போர்வீரர்) மனிதர்; அவர் கையிலிருந்த தீவட்டியின் வெளிச்சம் மங்கலாகக்கூட நாற்பது அடிக்கு மேல் எட்டாது. கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்பவர்) குள்ளர் இனத்தவர். அவருக்கு டார்க்விஷன் என்ற இருட்டுப் பார்வை உண்டு, ஆனால் டார்க்விஷனுக்குக் கும்மிருட்டு மங்கல் வெளிச்சமாகத்தான் தெரியும், மங்கலில் பாஸிவ் பர்செப்ஷன் 5 குறையும். பலரும் மறந்துவிடும் விதி இது. அவருடைய 15 அன்று 10 ஆயிற்று.

கிளெரிக் தேடுவதற்காகத் தம் ஆக்‌ஷனைச் செலவிட்டு, விழுந்து கிடந்த மரத்தருகே ஒரு கோப்ளினைக் கண்டுபிடித்து, "அதோ, அந்த மரத்தின் வலப்பக்கம்!" என்று கத்தினார். உடனே ஃபைட்டரின் ஆட்டக்காரர், இனி தமக்கும் அது தெரியும்தானே என்று கேட்டார். இடம் தெரியும், ஆள் தெரியாது என்று தீர்ப்புச் சொன்னேன்: அந்த இடத்தைக் குறிவைத்து அவர் எய்யலாம், ஆனால் டிஸ்அட்வான்டேஜுடன் (பகடையை இருமுறை உருட்டித் தாழ்ந்த எண்ணை எடுத்து). அவர் எய்யவில்லை. கிளெரிக் தம் அடுத்த முறையில் ஒரு கூழாங்கல்லின் மேல் லைட் மந்திரத்தைப் போட்டுக் கொடுக்க, ஃபைட்டர் அதை மரத்தைத் தாண்டி வீசினார். இருட்டை மட்டுமே நம்பி உட்கார்ந்திருந்த கோப்ளின்கள் அந்தக் கணமே வெளிச்சத்தில் அகப்பட்டன. மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தது மட்டும் தப்பியது. மறைப்பு எது என்பதை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனியாகக் குறித்து வைத்திருந்ததால் இதை ஒரு நொடியில் முடிவு செய்ய முடிந்தது.

மறுமொழி

நண்பரே, நீங்கள் பிரித்துக் காட்டும் அந்த இரண்டு கேள்விகளையும் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கே ஹிடன் என்றால் வரைபடத்தில் நீங்கள் இருக்கும் கட்டம் எதிரிக்குத் தெரியும், ஆனால் நீங்கள் தெரிய மாட்டீர்கள்; அவன் உங்களைக் குறிவைத்தால் முதலில் இருபதுமுகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் போட்டாக வேண்டும். அன்டிடெக்டட் என்றால் கட்டமும் தெரியாது. எங்கள் ஆட்டத்தில் வண்டிக்குப் பின்னால் ஒளிந்த ரோக்கை ஓகர் என்ற ராட்சத உயிரினம் ஒன்று தாக்க முயன்று, 9 போட்டு அந்த அடியைக் கோட்டைவிட்டது. பிறகு ரோக் பாதி வேகத்தில் ஸ்னீக் செய்து (பதுங்கி) நகர்ந்துவிட, ஓகர் அடுத்த சுற்றிலும் வண்டியின் பின்பக்கத்தையே தடியால் மொத்தியது. அங்கே யாரும் இல்லை. அந்த மேசையில் எந்த வாதமும் எழவில்லை.

முதல் பதிவரின் பதில்

நன்றி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிகளும் ஓரளவு தெளிவைக் கொண்டுவந்துள்ளன: ஒளிவதற்குக் கும்மிருட்டு போன்ற அடர்ந்த மறைவோ, உடலின் முக்கால் பங்கையாவது முழுவதையாவது மூடும் மறைப்போ வேண்டும், எதிரியின் பார்வைக் கோட்டில் இருக்கக் கூடாது, ஸ்டெல்த் எண் 15-ஐ எட்ட வேண்டும். ஆனால் வென்றவருக்கு இன்விஸிபிள் நிலை கிடைக்கிறது என்று எழுதியிருப்பதால், மறைவை விட்டு வெட்டவெளிக்கு நடந்து வந்தாலும் கண்ணுக்குத் தெரிய மாட்டேன் என்று சிலர் வாதிடுகிறார்கள். எதிரி கண்டுபிடித்துவிட்டால் அந்த நிலை முடிந்துவிடும் என்றும் அதே விதி சொல்வதால், எதிரே வந்து நிற்பவரைக் காண எதிரிக்குப் பகடை தேவையில்லை என்றே நான் ஆடுகிறேன்.

வரைபடம் வைத்து ஆடுபவர்களுக்கு ஒரு வழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். ஒளிந்தவரின் பொம்மையை மேசையிலிருந்து எடுக்காமல், எதிரி கடைசியாகப் பார்த்த கட்டத்திலேயே விட்டுவிடுங்கள். உண்மையான இடத்தை ஆட்டக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மாஸ்டரிடம் கொடுக்கட்டும். எதிரிகள் பொம்மை நிற்கும் கட்டத்தை நோக்கியே நகர்வார்கள், தாக்குவார்கள். அந்தக் கட்டம் காலி என்று தெரிந்த பிறகுதான் தேடத் தொடங்குவார்கள்.