1.01^ந ஏன் ந^100-ஐ முந்த மறுக்கிறது? கணக்கில் 0, பிறகு 'நேன்' வருகிறது

கேள்வி

அடுக்குக்குறிச் சார்பு எந்தப் பல்லுறுப்புக் கோவையையும் கடைசியில் முந்திவிடும் என்பதை எண்களில் பார்க்க வேண்டும். நம்பையில் (NumPy, பைத்தான் மொழியின் எண் கணக்குத் தொகுப்பு) 1.01^ந ÷ ந^100 என்ற விகிதத்தை, ந = 1 முதல் 2,00,000 வரை, தசம எண்களாகவே போட்டேன். ந = 1000-இல் சுமார் 2.1 × 10^-296. 1210-லிருந்து எல்லாம் 0. 71,333-லிருந்து 'நேன்' (NaN, 'எண் அல்ல'). விகிதம் ஏறவே காணோம். லோபிதால் விதியை (மேலும் கீழும் வகையிட்டு எல்லை காணும் வழி) 100 முறை போட்டால் முடிவிலி வருகிறது. எதை நம்புவது?

பதில் 1

லோபிதாலை நம்புங்கள். 64 பிட் தசம எண்ணில் சுமார் 1.8 × 10^308 வரைதான் கொள்ளும். 1209^100 மயிரிழையில் உள்ளே நிற்கிறது. 1210^100 வெளியே போய் 'இன்ஃப்' (inf, முடிவிலி) ஆகிவிடுகிறது. மேலே சாதாரண எண், கீழே முடிவிலி, ஆகவே 0. 71,333-இல் 1.01^ந-உம் எல்லையைத் தாண்டுகிறது. முடிவிலியை முடிவிலியால் வகுத்தால் 'நேன்'தான்.

விகிதத்தைத் தொடாதீர்கள். மடக்கை எடுத்துக் கழியுங்கள்:

ந × மடக்கை(1.01) − 100 × மடக்கை(ந)

10 அடிமானத்தில் மடக்கை(1.01) = 0.00432137. கிடைப்பது:

ந = 1,000: −295.68
ந = 10,000: −356.79
ந = 1,00,000: −67.86
ந = 1,20,000: +10.65
ந = 2,00,000: +334.17

1,17,308-க்கும் 1,17,309-க்கும் இடையில் குறி மாறுகிறது, அதாவது 1.01^ந முந்துகிறது. அதற்குப் பிறகு திரும்ப மாறாது.

கேட்டவர்

இப்போது சரியாக வருகிறது, நன்றி. ஆனால் 1,000-ஐ விட 10,000-இல் இன்னும் பின்தங்குகிறதே? முந்தப்போகிற சார்பு ஏன் முதலில் இவ்வளவு தோற்கிறது?

பதில் 2

ஒவ்வோர் அடியிலும் எது எதனால் பெருகுகிறது என்று பாருங்கள். ந ஒன்று கூடினால் 1.01^ந எப்போதும் 1.01 மடங்காகிறது. ந^100-ஓ (1 + 1/ந)^100 மடங்காகிறது. ந = 100-இல் இது சுமார் 2.70, அங்கே அடுக்குக்குறி என்ன செய்ய முடியும்? ஆனால் இந்த மடங்கு 1-ஐ நோக்கித் தேய்ந்துகொண்டே போகிறது. ந = 20,000-இல் 1.005 மட்டுமே. இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 100 ÷ இயல்மடக்கை(1.01), அதாவது 10,050. அதுதான் பள்ளத்தின் அடி. அங்கே விகிதம் 10^-357 அளவு. ந^100 'இன்ஃப்' ஆகாமல் இருந்திருந்தாலும் உங்கள் கணினி அதை 0 என்றுதான் காட்டியிருக்கும்.

அடுக்கு 100 என்பது பள்ளத்தை ஆழமாக்கும், கடக்கும் இடத்தைத் தள்ளிப்போடும். அதற்கு மேல் அதனால் முடியாது. எனக்கு இந்த ஒரு காரணமே லோபிதாலின் 100 படிகளைவிடத் தெளிவாகப் படுகிறது.

பதில் 3

மடக்கையில் தோராயம் வருமே என்று தயங்கினால், பைத்தானின் முழு எண்களிலேயே சரிபார்க்கலாம். 101^ந-ஐ ந^100 × 100^ந-உடன் ஒப்பிடுங்கள். ந = 1,17,309-இல் 101^ந சுமார் 2,35,000 இலக்கம்; ஒப்பீடு சட்டென்று முடிந்துவிடும். அந்த எண்ணை அச்சிட மட்டும் முயலாதீர்கள்: புதிய பதிப்புகள் 4,300 இலக்கத்துக்கு மேல் சரமாக மாற்ற மறுத்துப் பிழை காட்டும்.

கேட்டவர்

இயல்மடக்கை(ந), ந^0.1 இரண்டுக்கும் இதே வழிதானா? 10 லட்சம் வரை வரைபடம் போட்டேன், மடக்கைதான் மேலே நிற்கிறது.

பதில் 2

அதே கணக்குதான். ந = இ^த என்று வையுங்கள் (இ = 2.71828…). த-வையும் இ^(த/10)-ஐயும் ஒப்பிடுவதாக மாறும். த = 35.77 அருகே சமம். ந சுமார் 3.4 × 10^15. வரைபடத்தில் ந-அச்சு 10 லட்சத்தில் நின்றால் எப்படித் தெரியும்? த-வை 0 முதல் 50 வரை ஓட்டுங்கள். த = 1.12 அருகே ஒரு முறை வெட்டும், அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், 35.77-இல் வருவதுதான் கடைசி வெட்டு.