ஸ்டீல் ஃபிரேம் சொல்லியிருக்கேன்: 853 குழாயா, 4130 போதுமா? கூடவே, ஷூ சக்கரத்துல இடிக்கிற தொல்லை

மெதுமிதி:

எல்லாருக்கும் வணக்கம். தனி ஆளா ஃபிரேம் கட்டுற ஒருத்தர்கிட்ட ஸ்டீல் சைக்கிள் சொல்லியிருக்கேன். முன்பணம் கொடுத்தாச்சு, வரைபடமும் வந்தாச்சு. நான் சரின்னு சொன்னா அவர் குழாய் வெட்ட ஆரம்பிச்சுடுவார். அதுக்குள்ள உங்க யாரையாவது ஒரு தடவை பார்க்கச் சொல்லலாம்னு தோணுச்சு.

உயரம் 158 செமீ, எடை 54 கிலோ. இப்ப ஓட்டுற கம்பெனி சைக்கிள்ல ரெண்டு தொல்லை. ஹேண்டில் தூரமா இருக்கு, ஒரு மணி நேரத்துல தோள்பட்டை இறுகிடுது. அதோட, மெதுவா வளைக்கும்போது ஷூ முனை முன்சக்கரத்துல இடிக்குது. போன மாசம் யூ-டர்ன் போடுறப்ப அப்படியே சாய்ஞ்சு முழங்கையில நல்ல சிராய்ப்பு.

வரைபடத்துல இருக்கிறது: (நீளமெல்லாம் மிமீல) ரீச் (கிராங்க் சுத்துற அச்சான பாட்டம் பிராக்கெட்ல இருந்து ஹெட் ட்யூப் உச்சி எவ்வளவு முன்னால) 370, ஸ்டாக் (அதே உச்சி எவ்வளவு மேல) 530, ஹெட் ட்யூப் (ஃபோர்க் செருகுற முன்குழாய்) 72 டிகிரி, சீட் ட்யூப் 75 டிகிரி, டாப் ட்யூப் (மேல்குழாய், கிடைமட்டமா அளந்தது) 512, ஃபோர்க் ஆஃப்செட் (ஹேண்டில் திரும்புற கோட்டுக்கு முன் அச்சு எவ்வளவு முன்னால) 45, பாட்டம் பிராக்கெட் இறக்கம் (சக்கர அச்சுகளை விட எவ்வளவு கீழே) 70, கிராங்க் (மிதியைத் தாங்குற கை) 170, ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கிற துண்டு) 80, டயர் 700×32. இப்ப இருக்கிற சைக்கிள்ல டாப் ட்யூப் 537, சீட் ட்யூப் 72.5, ஸ்டாக் அதே 530, ஸ்டெம் 100. டாப் ட்யூப் 25 மிமீ குறையுதேன்னு எனக்குச் சந்தோஷம்.

என் கேள்வி: ரெனால்ட்ஸ் கம்பெனியோட 853ங்கிற வலுவான ஸ்டீல் குழாய் போடச் சொல்லலாமா, சாதாரண 4130 குரோமோலி ஸ்டீலே போதுமா? லக் (குழாய்கள் சேருற இடத்துல மாட்டுற உலோக உறை) வெச்சுக் கட்டுறதா, டிக் வெல்டிங்கா (உறை இல்லாம நேரா உருக்கிச் சேர்க்கிறது)?

பழையசெயின்:

853. வாழ்க்கையில ஒரு தடவை செய்றது, யோசிக்காதீங்க.

லேத்துக்காரர்:

பழையசெயின் அண்ணன் சொல்றதுல தப்பில்ல, ஆனா குழாயைப் பத்திக் கடைசியில பேசுவோம். வரைபடத்துல வேற விஷயம் இருக்கு.

டாப் ட்யூப் 25 மிமீ குறைஞ்சுடுச்சுன்னு நினைக்கிறீங்க. குறையல. 530 ஸ்டாக்குக்கு, 75 டிகிரியில சீட் ட்யூப் பின்னால சாயுற அளவு 142 மிமீ. 72.5 டிகிரின்னா 167. உங்க பழைய சைக்கிளோட 537ல 167ஐக் கழிச்சா 370. புதுசோட 512ல 142ஐக் கழிச்சாலும் அதே 370. ரெண்டுக்கும் ரீச் ஒண்ணுதான்! சீட் ட்யூபை நிமிர்த்தி டாப் ட்யூபைக் குட்டையாக் காட்டுறது சின்ன சைஸ் ஃபிரேம்கள்ல ரொம்ப நாளா நடக்கிற வித்தை. உங்க ஆள் ஏமாத்தினார்னு சொல்லல. நீங்க "டாப் ட்யூப் சின்னதா வேணும்"னு கேட்டிருப்பீங்க, அவர் கேட்டதைக் கொடுத்துட்டார். கைக்கு நிஜமாக் கிடைக்கிற 20 மிமீ ஸ்டெம்மைக் குறைச்சதுல வந்தது.

இன்னொண்ணு, 75 டிகிரியில உங்க சீட்டைப் பழைய இடத்துல வைக்கணும்னா கிட்டத்தட்ட 3 செமீ பின்னால தள்ளணும். சீட்டோட கம்பியில அவ்வளவு இடம் இருக்காது. 73 கேளுங்க.

இப்ப இடிக்கிற கதைக்கு வருவோம். பாட்டம் பிராக்கெட் மையத்துல இருந்து முன் அச்சு வரைக்கும் உள்ள தூரம், அதாவது ஃபிரன்ட் சென்டர், வரைபடத்துல எழுதவே இல்ல. நான் போட்டுப் பார்த்தேன், 571 வருது. 700×32 சக்கரத்தோட ஆரம் 343. மிச்சம் 228. உங்க ஷூ முனை எட்டுற இடம்: கிராங்க் 170, மிதி அச்சுக்கு முன்னால நீட்டிக்கிட்டிருக்கிற ஷூ சுமார் 100, ஆக 270. அதாவது 42 மிமீ உள்ளே. காசு கொடுத்து அதே சிராய்ப்பை வாங்கப் போறீங்க.

மெதுமிதி:

ஐயோ. இது தெரியாமப் போச்சே. இதை விடச் சின்னதான 650பி சக்கரம் போட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னார், அது உண்மையா அண்ணா?

லேத்துக்காரர்:

அது மட்டும் போட்டா ஆகாது. 650பி ரிம் 584, 700சி ரிம் 622, வித்தியாசம் பெருசாத்தான் தெரியும். ஆனா 650பி எடுக்கிறவங்க 42 மிமீ டயர் போடுவாங்க. 584ல பாதி 292, அதுகூட 42, ஆரம் 334. 700×32ஐ விட 9 மிமீதான் கம்மி. சக்கரம் சின்னதாகிற லாபத்தைப் பாதிக்கு மேல டயரே தின்னுடும்.

எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தணும். ரீச்சை 380 ஆக்கி ஸ்டெம்மை 70 ஆக்குங்க, கைக்கு அதே தூரம்தான். ஹெட் ட்யூப் 71 டிகிரி. அதை மட்டும் சாய்ச்சா டிரெயில் (ஹேண்டில் திரும்புற கோடு தரையைத் தொடுற இடத்துக்கும் டயர் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்) கூடி, மெதுவாப் போறப்ப ஹேண்டில் தொங்குற மாதிரி இருக்கும். அதனால ஃபோர்க் ஆஃப்செட்டை 52க்குக் கொண்டு போங்க. 650பி×42ல டிரெயில் 60 வருது, இப்ப வரைபடத்துல இருக்கிறது 64. ஃபிரன்ட் சென்டர் 598. கிராங்க் 165. 598ல 334 போனா 264, ஷூ 265. உரசியும் உரசாம இருக்கும். அதுபோக, திருப்பும்போது சக்கரத்தோட பின்விளிம்பு பக்கவாட்டுல போறதோட கொஞ்சம் முன்னாலயும் போகும், அது உங்களுக்கு லாபம்.

ஸ்டீல் ஃபோர்க்கையும் அவரே கட்டினாதான் இது நடக்கும். ஆஃப்செட்டை நமக்குத் தோதா வளைச்சுக்கலாம். கடையில வாங்குற கார்பன் ஃபோர்க் அவங்க வெச்ச அளவுலதான் வரும்.

மழைச்சக்கரம்:

கணக்கு அருமை. குழாய்க்கு நான் சொல்றேன். எந்த ஸ்டீலா இருந்தாலும் விறைப்பு ஏறத்தாழ ஒண்ணுதான், சுமார் 200 கிகாபாஸ்கல். 853க்கு வலு அதிகம், அதனால சுவரை மெல்லிசாக்க முடியும், அவ்வளவுதான். ஓட்டுறப்ப தெரியுறது குழாயோட விட்டமும் சுவர் தடிமனும். 25.4 டாப் ட்யூபுக்குப் பதிலா அதே தடிமன்ல 28.6 போட்டா விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல ஏறும். 54 கிலோ ஆளுக்கு அது எதுக்கு? 25.4 டாப், 28.6 டவுன், பட்டட் குழாய் (முனையில தடிப்பா, நடுவுல மெல்லிசா இருக்கிறது), நடுவுல 0.5 இல்லாட்டி 0.4 மிமீ. இதைக் கேளுங்க, ஸ்டிக்கர்ல என்ன பேர் இருந்தா என்ன.

லக் பார்க்க அழகுதான், எனக்கும் ஆசை. ஆனா வார்ப்பு லக்குக்குக் கோணம் நிலையானது, கொஞ்சம்தான் இழுத்து வளைக்க முடியும். சாய்ஞ்ச டாப் ட்யூப் உள்ள சின்ன ஃபிரேமுக்கு டிக் இல்லாட்டி ஃபில்லட் பிரேசிங் (லக் இல்லாம பித்தளையை உருக்கி ஒட்டுறது)தான் தோது. அவருக்கு எதுல கை பழகியிருக்கோ அதுல விடுங்க.

பாட்டம் பிராக்கெட் 68 மிமீ மரை போட்டதா இருக்கட்டும், அடியில தண்ணி வடிய ஒரு துளை கேளுங்க. பெயின்ட் அடிச்சதும் குழாய்க்கு உள்பக்கம் துரு தடுக்கிற எண்ணெய் ஊத்தணும். நான் அதை விட்டுட்டு நாலாவது வருஷம் சீட் போஸ்ட்டை உருவினேன், கூடவே ஒரு கைப்பிடி செம்மண் நிறத் தூள் கொட்டுச்சு.

பழையசெயின்:

சரி, என் 853ஐ வாபஸ் வாங்கிக்கிறேன் 🙂 ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். ஃபிரேம் கைக்கு வந்ததும் ஒரு நூல் எடுங்க. பின் டிராப்அவுட் (சக்கர அச்சு உட்காருற இடம்) ஒண்ணுல கட்டி, ஹெட் ட்யூபைச் சுத்திக் கொண்டுவந்து மறுபக்க டிராப்அவுட்ல இழுத்துப் பிடிங்க. நூலுக்கும் சீட் ட்யூபுக்கும் நடுவுல உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். நான் முதல்ல கட்டிக்கிட்ட ஃபிரேம்ல ஒரு பக்கம் 4 மிமீ கூட. கட்டினவர்கிட்ட கேட்டா "ஓட்ட ஓட்டச் சரியாயிடும்"னார். கதவா அது, தேய்ஞ்சு சரியாக? பெயின்ட்டுக்கு முன்னாடியே நேர்ல போய் நூல் பிடிச்சுப் பாருங்க. நல்லாக் கட்டுறவர் கோவிச்சுக்க மாட்டார்.

மெதுமிதி:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி தரையில சாக்பீஸ்ல முழு அளவுக்கே வரைஞ்சு பார்த்தேன். ஒரு புள்ளி பாட்டம் பிராக்கெட், அங்கிருந்து 571ல இன்னொரு புள்ளி, 343 மிமீ நூலை வெச்சு வட்டம். என் ஷூவை மிதி இருக்கிற இடத்துல வெச்சேன். முனை வட்டத்துக்குள்ள நாலு செமீ போய் உட்கார்ந்துடுச்சு. அழிச்சிட்டு 598, 334, 165ல வரைஞ்சேன். முனை கோட்டைத் தொட்டும் தொடாம நிக்குது.

போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். திட்டுவாரோன்னு பயந்துட்டிருந்தேன். காலையில புது வரைபடம் வந்துடுச்சு: 71, 52, சீட் ட்யூப் 73, ஃபிரன்ட் சென்டர் கொட்டை எழுத்துல. ஃபோர்க்கை அவரே வளைச்சுத் தர்றாராம். குழாய் 4130, டாப் 25.4. மட்கார்டு போட்டா 12 மிமீ உள்ளே வரும், அதுக்கு கிராங்க் 160 பார்க்கலாமான்னு கேட்டிருக்கார். கீழே ஒரு வரி: "குழாய் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாங்க. மழைக்குப் போடுற பெரிய ஷூவையும் எடுத்துட்டு வாங்க."