ஜோவா கோரலும் மஷ்ரூம் கோரலும் வெளுத்துப் போகுது: கலருக்கு எதை டோஸ் பண்ணலாம்?

பெருந்துறை ரீஃப்:
3 அடிக்கு 1½ அடி கடல் தண்ணி டேங்க்ங்க. ராக், மண் போக 150 லிட்டர் தண்ணி நிக்கும். ஜோவாந்தஸ் (ஜோவா), மஷ்ரூம், ஒரு லெதர்னு சாஃப்ட் கோரல் மட்டும்தான், ஹார்டு கோரல் இல்லை. உப்பு அடர்த்தி 1.026, கேஹெச் (காரத்தன்மை) 8.3, கால்சியம் 420, மெக்னீசியம் 1300. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.00. கழிவை நுரையா எடுக்கிற ஸ்கிம்மர் 24 மணி நேரமும் ஓடுது, பாஸ்பேட்டை உறிஞ்சற ஜிஎஃப்ஓ ரியாக்டரும் இருக்கு. சின்ன மீன் ரெண்டு. ஆரஞ்சு ஜோவா மங்கி வெள்ளை பூத்த மாதிரி இருக்கு, பாதி விரியறதே இல்லை. பச்சை மஷ்ரூம் கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. பொட்டாசியம், அயோடின், அயர்ன் மூணும் சேர்ந்த கலர் செட் வாங்கலாமுங்களா?

நொய்யல்கரை:
அந்த செட்டை இப்போ வாங்காதீங்க. உங்க டேங்குல குறையுறது சாப்பாடு.

கோரல் உடம்புல பழுப்பா தெரியறது உள்ளே குடியிருக்கிற பாசி. ஆரஞ்சும் பச்சையும் கோரல் தானா செய்யற நிறம். அதுல பெரும்பகுதி புரதம், புரதத்துக்கு நைட்ரஜன் வேணும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ரெண்டுமே பூஜ்யம்னா பாசியும் பட்டினி, நிறமும் உருவாகாது, சதை கண்ணாடியாத்தான் நிக்கும். இதுவே பழுப்பேறிப் போயிருந்தா கதை தலைகீழ்: சத்து அதிகம், இல்லேன்னா வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம். வெளுப்புக்கும் பழுப்புக்கும் ஒரே பாட்டில் மருந்து கிடையாது.

முதல்ல ஜிஎஃப்ஓவை எடுத்துருங்க. ஸ்கிம்மரை ராத்திரி மட்டும் ஓட்டுங்க. மீனுக்கு ஒரு வேளை தீனி கூட்டிப் போடுங்க. லைட்ல வெள்ளை சேனலைப் பாதியாக் குறைங்க, நீலம் அப்படியே இருக்கட்டும். பட்டினியில இருக்கிற கோரல் மேல வெள்ளை வெளிச்சம் அதிகமா விழுந்தா வெளுப்பு இன்னும் ஏறும்.

பத்து நாள் தீனி கூட்டியும் அளவு ஏறலைன்னா டோசிங். லேப் கிரேடு சோடியம் நைட்ரேட் 13.7 கிராமை ஆர்ஓ தண்ணியில கரைச்சு 1 லிட்டராக்குங்க. 150 லிட்டருக்கு இதுல 15 மில்லி ஊத்தினா நைட்ரேட் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏறும். தினம் அதுக்கு மேல வேண்டாம், 5 முதல் 10க்குள்ள நிறுத்துங்க. பாஸ்பேட்டுக்கு ட்ரைசோடியம் பாஸ்பேட், 12 நீர் மூலக்கூறு உள்ளது, 4 கிராம் 1 லிட்டருக்கு. 3 மில்லி ஊத்தினா 0.02 ஏறும். இலக்கு 0.05 பக்கம்.

பாஸ்பேட்லதான் நிறைய பேர் சறுக்கறாங்க. புது ராக்கும் மண்ணும் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பேட்டை உறிஞ்சி வெச்சுக்கும். இன்னைக்கு ஊத்தினது நாளைக்கு மறுபடி 0.00ன்னு காட்டும். உடனே இரட்டிப்பா ஊத்தக்கூடாது. ராக் நிரம்பினதும் மொத்தமா திருப்பிக் கக்கும், அப்புறம் பச்சைப் பாசியோட போராட்டம்தான். தினம் அதே 3 மில்லி, 24 மணி நேரம் கழிச்சு டெஸ்ட், மெதுவா ஏறட்டும்.

சிறுவாணித் தண்ணி:
அந்த 0.00 நிஜமான்னு ஒரு தடவை பார்த்துக்கங்க. பாஸ்பேட்டுக்கு ஹன்னா செக்கர் மீட்டர்னா பவுடர் போட்டு 2 நிமிஷம் நல்லா கலக்கி, குவெட்டை (சாம்பிள் குப்பியை) துணியால துடைச்சு, கண்ணாடியில குமிழி ஒட்டியிருக்கான்னு வெளிச்சத்துல பார்த்துட்டு வையுங்க. கைரேகையும் குமிழியுமே அளவை மாத்திரும். நைட்ரேட்டுக்கு சாலிஃபர்ட் கிட்னா, கம்மி அளவை மேலிருந்து பார்க்காம பக்கவாட்டுல பார்த்து, வர்ற எண்ணை 10ஆல வகுக்கணும்.

மண்ணு மேல காலையில ஒண்ணுமில்லாம, லைட் எரிய எரிய பழுப்புச் சளி மாதிரி குமிழியோட வருதுங்களா? அப்படின்னா டைனோ (டைனோஃபிளாஜெலேட்ங்கற நுண்ணுயிர்). சத்து பூஜ்யமா இருக்கிற டேங்குலதான் அது தலையெடுக்கும். அதுக்கும் மேல சொன்ன டோசிங்தான்.

இன்னொண்ணு, வெயில். பங்குனி, சித்திரையில ஈரோடு, கரூர் பக்கம் மூடின ரூம்ல டேங்க் 30 டிகிரியைத் தாண்டிரும். சூடு நாள் கணக்கா நின்னாலே கோரல் பாசியை வெளியே தள்ளிட்டு வெளுக்கும், அப்போ எந்த டோசிங்கும் எடுபடாது. 25, 26ல நிறுத்துங்க. நம்ம பக்கம் கோடையில காத்து வறண்டது, அதனால தண்ணி மேல ஃபேன் விட்டாலே 2, 3 டிகிரி இறங்கும். ஆனா தினம் 3 லிட்டர் வத்துச்சுன்னா உப்பு ஆயிரத்துக்கு 35ல (உங்க 1.026 சுமாரா இதுதான்) இருந்து 35.7க்குப் போயிரும். வத்தினதைத் தானா நிரப்பற ஏடிஓ வெச்சு ஆர்ஓ தண்ணி மட்டும் விடுங்க, உப்புத் தண்ணி வேண்டாம்.

பெருந்துறை ரீஃப்:
டைனோ இல்லீங்க. சூடு 28 காட்டுது, ஃபேன் போட்டுடறேன். வீட்டு குடிதண்ணி ஆர்ஓதான் பயன்படுத்தறேன், போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு அளவு) 1100. அப்புறம் இங்க உரக்கடையில பொட்டாசியம் நைட்ரேட் 13-0-45ம், அயர்ன் கலந்த நுண்ணூட்டக் கலவையும் சல்லிசா கிடைக்குது. ஆகுங்களா?

அமராவதி மரைன்:
நுண்ணூட்டக் கலவை வேண்டவே வேண்டாமுங்க. வாழைக்கும் மஞ்சளுக்கும் விடற அந்தக் கலவையில துத்தநாகமும் செம்பும் சேர்ந்தே வரும். செம்பு கொஞ்சம் கலந்தாலே நத்தை, இறால் முதல்ல சாகும், அடுத்து கோரல். ராக்குல ஏறின செம்பை எடுக்கறது ரொம்பக் கஷ்டம். 13-0-45 உரத்தையும் விடுங்க, என்னென்ன கழிவு கலந்திருக்குன்னு மூட்டையில போட மாட்டாங்க. லேப் கிரேடு பொட்டாசியம் நைட்ரேட் ஆகும். 1 பிபிஎம் நைட்ரேட்டோட 0.63 பிபிஎம் பொட்டாசியமும் ஏறும்கறதை மட்டும் கணக்குல வையுங்க.

அயோடின் பத்தி யாரும் சொல்லலை. கடல்ல மொத்த அயோடினே சுமார் 0.06 பிபிஎம். 5 சதவீத லூகால் (அயோடின்) கரைசல் ஒரே சொட்டு, உங்க 150 லிட்டருக்கு 0.04 ஏத்திரும். டெஸ்ட் பண்ணாம வாரம் நாலு சொட்டு விடறவங்க கோரலை எரிச்சுட்டு இருக்காங்க. உங்க டேங்குக்கு வாரம் 10 சதவீதம் தண்ணி மாத்தினாலே தேவையான அயோடின், அயர்ன், பொட்டாசியம் எல்லாம் உப்புலயே வந்துரும். கேஹெச் 1 குறைஞ்சா 4.5 கிராம் ஆப்ப சோடா கரைச்சு மெதுவா விடுங்க. பேக்கிங் பவுடர் ஆகாது, அதுல அமிலமும் ஸ்டார்ச்சும் இருக்கு.

குடிதண்ணி ஆர்ஓ மெஷின்ல டிடிஎஸ் கன்ட்ரோலர்னு ஒரு திருகு இருக்கும், போர் தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடும். மினரல் கார்ட்ரிட்ஜும் இருக்கலாம். மெம்பரேன்ல இருந்து வர்ற பைப்பை அதுக்கு முன்னாடியே பிரிச்சு எடுங்க. 1100 உள்ளே போனா வெளியே 50, 60 நிக்கும். பின்னாடி மிச்ச உப்பை உறிஞ்சற டிஐ ரெசின் வெச்சு 0 ஆக்குங்க. ஆர்ஓ தாண்டி வர்ற சிலிக்கேட்டையும் அதுதான் பிடிக்கும்.

டோசிங் ஆரம்பிச்சதும் ஜோவா விரியறதுதான் முதல்ல தெரியும், கலர் அதுக்கு வாரக்கணக்கு பின்னாடி. நைட்ரேட் தானா 5ல நிக்க ஆரம்பிச்சா டோஸைப் பாதியாக்கி, அப்புறம் நிறுத்திருங்க. வெள்ளை லைட்டை அதுக்கப்புறம் வாரம் 5 சதவீதமா ஏத்துங்க.