புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையிலிருந்து தொடங்குங்கள்

போன வாரம் சிங்கப்பூர் வந்திறங்கிய தம்பி ஒருவர், "வெளியே சாப்பிட நல்ல இடங்களாக ஒரு பட்டியல் கொடுங்கள் அண்ணா" என்று கேட்டிருந்தார். பட்டியல் கொடுக்க எனக்கு மனமில்லை. வந்த புதிதில் அப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் தீவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய் வந்தேன். ஆறு மாதம் கழித்தும் என் முகம் தெரிந்த கடைக்காரர் ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், முதல் மாதம் எங்கும் அலைய வேண்டாம். உங்கள் புளோக்குக்கு, அதாவது நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழேயோ பக்கத்திலோ ஒரு காப்பிக்கடை இருக்கும். தினமும் ஒரே நேரத்துக்கு அங்கே போங்கள். ஊர் அங்கிருந்துதான் திறக்கும்.

தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. 1947-இல் தொடங்கிய கோமள விலாஸ், அதற்கும் முன்னால் 1924-இல் தொடங்கிய ஆனந்த பவன் போன்ற சைவ உணவகங்கள் எல்லாம் நம் முன்னோர் இங்கே வேரூன்றியதற்குச் சாட்சி. மனசு ஊரைத் தேடும் நாளில் கட்டாயம் போங்கள். ஆனால் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மாதக் கடைசியில் "இந்த ஊர் ஒட்டவே மாட்டேன் என்கிறது" என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, காப்பிக்கடையில் என்ன கேட்பது? வெறுமனே 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் ஊற்றிய இனிப்புக் காப்பி வரும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத எவாப்பரேட்டட் பாலும் சர்க்கரையும். நம் வீட்டுக் காப்பிக்குக் கொஞ்சம் கிட்டே வருவது இதுதான். 'கொசொங்' என்று சேர்த்தால் சர்க்கரை வேண்டாம் என்று பொருள், 'சியூ டாய்' என்றால் சர்க்கரை குறைவாக, 'பெங்' என்றால் ஐஸ் போட்டு. தேநீருக்கு 'தே' என்று மாற்றிக்கொண்டால் மீதியெல்லாம் அப்படியே. இங்கே காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்து, துணிப்பையில் வடிகட்டுவார்கள். அதனால் ஃபில்டர் காப்பியின் ருசியை இதில் தேடாதீர்கள். இது வேறு பானம், இதற்கென்று ஒரு மணம் உண்டு. நான் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரே மேசையில் உட்கார ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே காப்பி ஊற்றும் அங்கிள் "கோப்பி சி, சியூ டாய்?" என்றார். இந்த நாட்டில் என்னை அடையாளம் கண்டு பேசிய முதல் மனிதர் அவர். அன்றைக்கு வேலைக்குப் போகும்போது இருந்த நிம்மதி இன்னும் நினைவில் இருக்கிறது.

நடைமுறைகள் சில உண்டு. மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள், எடுத்துப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். சாப்பாடு ஒரு கடை, பானம் இன்னொரு கடை, காசும் தனித்தனி. சாப்பிட்ட தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் (ஹாக்கர் சென்டர்) 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் பக்கம் தனியாக இருக்கும், அதைப் பார்த்து வையுங்கள். அடுத்தவர் நம்பிக்கை அது. வங்கிக் கணக்குத் திறந்ததும் கைப்பேசியில் பணம் கட்டும் பேநவ் வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை கையில் சில்லறை நோட்டு வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு கடையில் அப்படிச் சொல்லி வாங்கிய நூடுல்ஸ் சூப்பைப் பாதி குடித்த பிறகுதான் அடியில் காய்ந்த இறால் கிடந்தது தெரிந்தது. அந்த அம்மா ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் கோழியும் பன்றியும்தான் இறைச்சி, இறால் என்பது வெறும் ருசிக்கு. ஆகவே ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: மீன், இறால், முட்டை, சிப்பி சாஸ். சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் குழம்பில் காய்ந்த இறால் இருக்கும், சார் குவே தியாவ் என்ற தட்டை நூடுல்ஸ் வறுவலில் பல கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். இந்தத் தொல்லையே இல்லாத வழியும் உண்டு. பல உணவங்காடிகளில் சீனப் பௌத்த சைவக் கடை ஒன்று இருக்கும். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத கடைகளும் அவற்றில் உண்டு. காலையில் சைவ பீஹூன் வாங்கிப் பாருங்கள், சேமியா மாதிரி இருக்கும், விலையும் குறைவு. சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த துண்டுகள் பார்ப்பதற்கு இறைச்சி போலவே இருக்கும், பயப்பட வேண்டாம். சீன நாள்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் விரதம் இருப்பதால் அன்றைக்கு அங்கே கூட்டம் அதிகம். முட்டை இருக்கிறதா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது தமிழ் முஸ்லிம் கடைகளை. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்பு வந்த குடும்பங்கள் பல இங்கே உண்டு. தமிழில் பேசினால் முகம் மலரும் கடைகள் இவை. அங்கே போய் ஊரில் கிடைக்கும் பரோட்டாவையே வாங்காதீர்கள், அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மீ கோரெங் கேளுங்கள். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை நம் கைப்பக்குவத்தில் சிவக்கச் சிவக்கக் கிளறியது. அப்புறம் இந்திய ரோஜாக். வடை மாதிரியான பலகாரங்களை நாமே பொறுக்கிக் கொடுத்தால், சூடாக்கி வெட்டி, சர்க்கரைவள்ளிக்கிழங்கில் செய்த இனிப்பும் காரமுமான குழம்போடு தருவார்கள். ரோஜாக்கின் பெயரில் இந்தியா இருந்தாலும் இவை இரண்டுமே தமிழ்நாட்டில் கிடைக்காது, இந்த மண்ணில் பிறந்தவை. மீன்தலைக் கறியும் அப்படித்தான். கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர், மீன்தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காக அதைக் குழம்பில் போட்டு விற்றார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. இந்த மூன்றையும் சாப்பிட்டால், நம்மவர்கள் இங்கே வந்து பக்கத்து வீட்டாரோடு எப்படிக் கலந்தார்கள் என்பது புரியும். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்குப் போனால் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம், இன்னொன்று பொருள் சேவை வரி. 2024-இலிருந்து அந்த வரி 9 சதவீதம், சேவைக் கட்டணத்தின் மேலும் சேர்த்தே போடுவார்கள். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 119 வெள்ளி 90 காசு. தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. மேசையில் வைத்துவிட்டுப் போகும் கடலைக்கும் ஈரத் துண்டுக்கும்கூடச் சில இடங்களில் காசு உண்டு, வேண்டாமென்றால் உடனே சொல்லிவிடுங்கள்.

அலுவலக நண்பர்கள் ஒரு வெள்ளிக்கிழமை உங்களைப் புரூ பப்புக்குக் கூப்பிடுவார்கள். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் கடை அது. புரூவர்க்ஸ் 1997-இல் ஆற்றங்கரையில், ரிவர்சைட் பாயின்ட்டில் தொடங்கியது. லெவல் 33 மரீனா பேயில் ஒரு நிதிக் கட்டடத்தின் 33-ஆம் மாடியில் இருக்கிறது, பீர் காய்ச்சும் தொட்டிகளையும் வளைகுடாவையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். முதல் தடவை போனால் ஒரு பெரிய கிளாஸை வாங்காமல், சின்னச் சின்ன கிளாஸ்களில் நாலைந்து வகை ருசி பார்க்கத் தருவதைக் கேளுங்கள். இந்தியா பேல் ஏல் என்ற பெயரைப் பார்த்து நம் ஊர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிய பீரின் வழி வந்தது அது, கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூ அதிகம், கசப்பும் அதிகம். பழக்கமில்லாதவர்களுக்குக் கோதுமை பீர் எளிது. விலை ஏன் இப்படி என்று கேட்பீர்கள். தூய ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி தீர்வை. 5 சதவீத பீர் அரை லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை வெள்ளிதான் வருகிறது. மீதியில் பெரும்பங்கு கடை வாடகையும் ஆள் சம்பளமும் என்பது என் கணிப்பு. மாலையில் சீக்கிரம் போனால் பல இடங்களில் விலை குறைவாக இருக்கும். மாதம் ஒரு தடவை போதும் என்பது என் கருத்து.

குடிப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. புளோக்குக்குக் கீழே உள்ள வெற்றுத்தளமும் பொது இடம்தான். லிட்டில் இந்தியாவில் இன்னும் கடுமை: சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் முழுத் தடை. உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிப்பதற்கு இந்தத் தடை கிடையாது.

"நான் குடிக்க மாட்டேன், கூப்பிட்டால் என்ன செய்வது?" என்று கேட்ட தம்பிக்கு: தாராளமாகப் போங்கள். எலுமிச்சைச் சாறோ ஜிஞ்சர் பீரோ சொல்லுங்கள், ஜிஞ்சர் பீரில் சில வகைகளில் ஆல்கஹால் இருக்கும் என்பதால் கேட்டு வாங்குங்கள். இத்தனை வருடத்தில் என்னை யாரும் வற்புறுத்தியதில்லை. வேலையிடத்தில் மனம் விட்டுப் பேச முடியாததை அங்கே பேசுவார்கள், அதை இழக்காதீர்கள்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு இங்கே என்ன கொடுப்பது என்று கேட்ட தங்கைக்கு: காயா டோஸ்ட்டில் ஆரம்பியுங்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய ஜாம் அது, காரமே இருக்காது. மதியத்துக்குச் சிக்கன் ரைஸ், மிளகாய் சாஸைத் தனியாகக் கேளுங்கள். 12 மணிக்குமேல் அலுவலகக் கூட்டம் வந்துவிடும், பதினொன்றரைக்கே போனால் குழந்தை நாற்காலி கிடைக்கும்.