ஏற்காட்டில் கட்டிய மாதிரி ரயில் பாதை சேலம் வெயிலில் நெளிந்துவிட்டது. பெயர்க்காமல் சரிசெய்ய முடியுமா?

மலைவீட்டு மகள்:

வணக்கம். என் அப்பாவும் நானும் ஏற்காட்டு வீட்டில் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து ஒரு மாதிரி ரயில் பாதை கட்டினோம். 1:87 அளவு. மேசை 240 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம். முட்டை வடிவில் ஒற்றைப் பாதை. முன்பக்கம் சேலம் டவுன் நிலையம், பின்பக்கம் மேக்னசைட் வெட்டிய வெள்ளை மேடுகள், அவற்றுக்கும் பின்னால் பழைய செய்தித்தாளும் பிளாஸ்டரும் கொண்டு எழுப்பிய சேர்வராயன் மலை. அப்பாவால் இனி மலையில் தனியாக இருக்க முடியாது என்பதால் டிசம்பரில் அவரோடு மேசையையும் சேலத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தோம்.

இங்கு வந்த பிறகு தண்டவாள இணைப்புகளில் இன்ஜின் அவ்வப்போது நின்றது. மின்சாரம் தடையில்லாமல் போகட்டும் என்று ஜனவரியில் எல்லா இணைப்புகளிலும் ஈயம் பற்றவைத்தேன். அதன்பின் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனால் மார்ச் கடைசியில் நிலையத்து நேர்ப்பாதை மூன்று இடங்களில் நெளிந்துவிட்டது. நடுவில் ஒரு சென்டிமீட்டர் விலகியிருக்கிறது. ஆணிகள் மேலே கிளம்பிவிட்டன. இரு முனை வளைவுகளிலும் பாதை வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது. நிலையத்துக்குள் நுழையும் வண்டியெல்லாம் கவிழ்கிறது.

மே மாத விடுமுறையில் தெருப் பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்டுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். நிலையத்தின் ஒவ்வொரு கல்லும் அவர் கையால் ஒட்டியது. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

அஸ்தம்பட்டி மாணவன்:

அக்கா, வெயிலில் உலோகம் விரிவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.017 மி.மீ. நீளும். ஜனவரியில் 24 டிகிரி, இப்போது 38 டிகிரி என்று வைத்தால் 2.4 மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். அதற்கா இவ்வளவு நெளிவு? ஆணிகள் தளர்ந்திருக்கக்கூடும். நேராக்கிவிட்டு இன்னும் நெருக்கமாக ஆணி அடித்துப் பாருங்கள்.

பழைய பாதைக்காரர்:

அம்மா, ஆணி அடிக்க வேண்டாம். தம்பியின் கணக்கு சரி, மருந்துதான் தவறு. உள்ளே இருக்கும் நெருக்கடியை எடுக்காமல் ஓரிடத்தில் அமுக்கினால் அது அடுத்த இடத்தில் கிளம்பும்.

தண்டவாளப் பராமரிப்பில் என் வாழ்நாள் கழிந்தது. விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்த நாட்களில் தண்டவாளம் ஒன்று 12 மீட்டர். ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி இருக்கும். கோடையில் அந்த இடைவெளி மூடிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்போம். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்துவிட்டன. விரியப் பார்க்கும் இரும்பைக் கனமான கான்கிரீட் கட்டைகளும் ஜல்லியும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. உங்கள் மேசையில் ஒட்டியிருக்கும் பொடிக்கல்லுக்கு அந்தப் பலம் கிடையாது.

மூன்று செய்தி வேண்டும். மேசை என்ன மரம்? பலகைகள் பாதையின் போக்கில் கிடக்கின்றனவா, குறுக்கே கிடக்கின்றனவா? மேசையின் இன்றைய நீளம் என்ன? பழைய நினைவை வைத்துச் சொல்லாமல் டேப் வைத்து அளந்து சொல்லுங்கள்.

மலைவீட்டு மகள்:

ஐயா, மரம் சில்வர் ஓக். காப்பிக்கு நிழலுக்காக வளர்த்த மரம் ஒன்று காற்றில் விழுந்தது, அதை அறுத்த பலகை. 15 செ.மீ. அகலத்தில் 16 பலகைகளைப் பக்கம் பக்கமாகப் பசையிட்டு ஒட்டியிருக்கிறார் அப்பா. எல்லாம் பாதைக்குக் குறுக்கேதான் கிடக்கின்றன.

அளப்பதற்காக மேசைக்கு அடியில் படுத்தேன். சட்டத்தில் அப்பா பென்சிலால் 2400 என்று எழுதி இரண்டு முனைகளிலும் கோடு போட்டிருக்கிறார். இன்று பலகையின் விளிம்பு அந்தக் கோடுகளுக்கு உள்ளே இருக்கிறது. டேப்பில் 2395 மி.மீ. காட்டுகிறது. இன்னொன்று: பலகையைச் சட்டத்தோடு சேர்க்கும் திருகுகளின் துளைகள் வட்டமாக இல்லை. ஒவ்வொன்றையும் நீளவாட்டில் குடைந்திருக்கிறார். கை நடுங்கிக் குடைந்துவிட்டாரோ என்று முன்பு நினைத்திருந்தேன்.

பழைய பாதைக்காரர்:

கை நடுங்கவில்லை அம்மா. உங்கள் அப்பா மரம் தெரிந்தவர். மரம் நார் ஓடும் திசையில் அசையாது என்றே சொல்லலாம். நாருக்குக் குறுக்கே ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஏற்காட்டு மூடுபனியில் ஈரம் குடித்த பலகை, சேலத்து வறட்சியில் 5 மி.மீ. சுருங்கிவிட்டது. சுருங்கும்போது வெடிக்காமல் நகரட்டும் என்றுதான் அந்த நீள்துளைகள். மரத்துக்கு அவர் இடம் விட்டார். நீங்கள் ஈயம் வைத்தபோது தண்டவாளத்துக்கு இருந்த இடம் போய்விட்டது. தரை குறுகுகிறது, தண்டவாளம் கொஞ்சம் நீள்கிறது, இடையில் எங்கும் நெகிழ்வில்லை. இரண்டும் சேர்ந்துதான் நெளித்திருக்கின்றன.

நிலையத்தைத் தொட வேண்டாம். நிலையத்துக்கு இரு பக்கமும் வெளியே ஓர் இணைப்பாகத் தேர்ந்தெடுத்து ஈயத்தைச் சூடாக்கி எடுங்கள். அங்கே ரம்பத்தால் இரண்டு தண்டவாளங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் குறையுங்கள். இரண்டு இடமும் சேர்த்து ஏறக்குறைய 5 மி.மீ. போகும். மதியம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள். சூடு உச்சத்தில் இருக்கும்போது ஓர் அஞ்சலட்டை நுழையும் இடைவெளி போதும். காலைக் குளிரில் அதே இடைவெளி வைத்தால் மதியம் மூடிக்கொள்ளும். வெட்டிய இடங்களில் ஜாயினரை, அதாவது இரு தண்டவாள முனைகளைச் சேர்க்கும் சிறு உலோகத் தகட்டை, மாட்டுங்கள், மறுபடி ஈயம் வைக்காதீர்கள். வளைவுகளில் வைத்த ஈயம் இருக்கட்டும், அங்கே அது பாதையின் உருவத்தைக் காக்கும். பின்பக்கத்து நேர்ப்பாதைக்கும் இதே வேலை உண்டு.

அஸ்தம்பட்டி மாணவன்:

ஐயா, மரத்தை நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

அக்கா, ஈயம் எடுத்தால் பழைய மின்தடை திரும்பிவிடுமே என்று தயங்க வேண்டாம். வெறும் ஜாயினரை நம்பினால்தான் அந்தத் தொல்லை. அதற்குள் கறுப்பு படியும். தனித்தனியாக நிற்கும் ஒவ்வொரு தண்டவாளத் துண்டின் வெளிப்பக்கத்திலும் ஒரு மெல்லிய ஒயரைப் பற்றவைத்து, பலகையில் துளையிட்டுக் கீழே இறக்குங்கள். மேசைக்கு அடியில் நீளமாக இரண்டு தடித்த ஒயர்கள், உள் தண்டவாளத்துக்குச் சிவப்பு, வெளித் தண்டவாளத்துக்குக் கறுப்பு. நிறத்தை ஓரிடத்தில் மாற்றிவிட்டாலும் முழுப் பாதையும் ஷார்ட் ஆகும். ஈயம் வைக்கும்போது இரு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்தால் பிளாஸ்டிக் கட்டைகள் உருகாது.

மலைவீட்டு மகள்:

ஒரு கேள்வி மட்டும். மழைக்காலத்தில் பலகை மறுபடி விரிந்தால் இடைவெளி பெரிதாகிவிடாதா?

பழைய பாதைக்காரர்:

கொஞ்சம் பெரிதாகும். ஆனால் சேலத்து மழை ஏற்காட்டு மூடுபனி அளவுக்கு ஈரம் ஏற்றாது. மேல்பக்கம் பெயின்டும் பிளாஸ்டரும் மூடியிருக்கும், அடிப்பக்கம் பூச்சில்லாத வெறும் மரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பலகை காய்ந்திருக்கும் இந்தக் கோடையிலேயே அடிப்பக்கத்துக்கும் பலகை முனைகளுக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிடுங்கள். ஈரம் ஏறுவது மெதுவாகும். திருகுத் துளைகளில் மட்டும் வார்னிஷ் இறங்கி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைவீட்டு மகள்:

முன்பக்க வேலை முடிந்தது. இரண்டாவது இடத்தை அறுத்து முடித்ததும் நெளிந்திருந்த பாதை விரலால் தொட்டதற்கே நேராக வந்து படுத்துக்கொண்டது. ஆணி ஒன்றுகூடப் புதிதாக அடிக்கவில்லை. நிலையத்தில் ஒரு கல் பெயரவில்லை. ஆறு ஒயர்கள் இறக்கியிருக்கிறேன்.

நேற்று மாலை அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து ரெகுலேட்டரை அவர் கையில் கொடுத்தேன். வண்டி நிலையத்தைத் தாண்டியபோது வெட்டிய இரண்டு இடங்களிலும் தடக், தடக் என்று சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சுற்று ஓட்டச் சொன்னார். பழைய விருத்தாசலம் வண்டி இப்படித்தான் போகும் என்றார்.

பின்பக்கத்து நேர்ப்பாதையை நாளை மதியம் இரண்டு மணிக்கு அறுக்கப்போகிறேன்.